பாடகர் குழுவுக்கு, கோபித்துக்கொண்டு போனவன் எழுதுவது

அன்புள்ள நம் ஆலயப் பாடகர் குழுவினருக்கு,

எட்டு மாதமாக நான் உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை, ஞாயிறு பூசையிலும் இல்லை. வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருந்தேன். பொய். கீபோர்டு வாசிக்கும் தங்கச்சி அன்று ஒத்திகையில் "அண்ணே, சுருதி கொஞ்சம் இறங்குது" என்று மெதுவாகத்தான் சொன்னாள். 14 வருஷமாகப் பாடுகிற எனக்கு நேற்று வந்தவள் சொல்லித்தருவதா என்று எல்லார் முன்னாலும் கத்தினேன், அப்புறம் நீங்கள் வேறொருவரைத் தலைவராக்கியதும் எழுந்து போய்விட்டேன். சுருதி இறங்கியது உண்மை. அன்றைக்கே தெரியும்.

இந்த ஜூலை 26, நம் பினாங்கு புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குத் தனியாகப் போனேன். ஃபெரி, பிறகு ரயில். வழக்கமாக உங்களோடு வேனில் போய், நாலு பேர் "வாங்கண்ணே" என்று இடம்விட முன்வரிசையில் நிற்பவன், அன்று யாரோ ஒருவனாக நின்றேன். பவனியில் என் மெழுகுவர்த்தி காற்றில் அணைந்தது. பக்கத்தில் வந்த சீனப் பாட்டி ஒருவர், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், தன் மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பற்றவைத்துவிட்டு நடந்துகொண்டே போனார். எத்தனை வருஷம் பாடினாய் என்று யாரும் கேட்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில், என் பாவங்களைச் சொல்ல வேண்டிய இடத்தில், பாதி நேரம் உங்களைத்தான் குறை சொன்னேன் (அதற்குப் பெயர் பாவசங்கீர்த்தனமா என்று கேட்காதீர்கள்). ஃபாதர் குறுக்கே பேசவில்லை. பாவமன்னிப்புக் கொடுத்து, பரிகாரமாக விவிலியத்தில் அரசர்கள் இரண்டாம் நூல் 5ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்.

நாமான் கதை. சிறுவயதிலிருந்து கேட்டதுதான். தொழுநோய் பிடித்த சிரியாப் படைத்தலைவன் 10 தாலந்து வெள்ளி, 6000 பொற்காசு, 10 பட்டாடை எல்லாம் கட்டிக்கொண்டு இறைவாக்கினர் எலிசாவைத் தேடி வருகிறான். அவரோ வாசலுக்குக்கூட வராமல், யோர்தானில் 7 முறை முழுகு என்று ஆளனுப்புகிறார். வந்ததே கோபம்! எங்கள் ஊரில் ஆறு இல்லையா என்று திரும்பிவிட்டான். அவனுக்கு அந்த இறைவாக்கினரைப் பற்றி முதலில் சொன்னது யார் தெரியுமா? அவன் வீட்டில் வேலை செய்த, சிறைபிடிக்கப்பட்டு வந்த ஒரு சிறுமி. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன், கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

கடைசியில் அவன் யோர்தானில் முழுகிக் குணமானபோது எலிசா ஒரு காசும் வாங்கவில்லை. என் 14 வருஷம்தான் நான் மூட்டைகட்டிக்கொண்டு போன வெள்ளி. கடவுளுக்காகப் பாடுகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், கணக்கு மட்டும் என் பெயரில் வைத்திருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரும் புதன் ஒத்திகைக்கு வரலாமா? மைக் வேண்டாம், கடைசி வரிசை போதும். "அண்ணன் வந்துட்டாரு" என்று பழைய இடத்தைக் கொடுத்துவிடாதீர்கள், வாங்கிக்கொள்வேன். தங்கச்சியிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், எல்லார் முன்னாலும், ஏனென்றால் கத்தியதும் அப்படித்தான்.

இன்னொன்று. பாட்டுப் புத்தக அலமாரியின் சாவி தொலைந்துவிட்டது என்று இத்தனை நாளும் நகல் எடுத்துப் பாடிக்கொண்டிருப்பீர்கள். தொலையவில்லை, என் மோட்டார் சைக்கிள் சாவியோடு தொங்குகிறது. புதனன்று அவளிடமே கொடுக்கிறேன்.