காப்பிக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்: ஆதாரம் காட்டும் செலவு யார் தலையில்?

சர்வதேச காப்பி கவுன்சிலில் அமரும் ஏற்றுமதி, இறக்குமதி நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

கப்பலேறும் காப்பிச் சாக்கின்மேல் உங்கள் சர்வதேச காப்பி அமைப்பின் குறி ஒன்று இருக்கும். மூன்றே எண்கள்: எந்த நாடு, எந்த ஏற்றுமதியாளர், எந்தச் சரக்கு. பழம் பறித்தவர் யார், அவர் கைக்கு எவ்வளவு வந்தது என்பதை அந்தக் குறி சொல்லாது. யாரும் பெரிதாகக் கேட்டதும் இல்லை. இப்போது அதில் பாதியைக் கேட்கிறார்கள். எந்த நிலத்தில் விளைந்தது என்று மட்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த காப்பி அங்கே நுழையக் கூடாது. ஒவ்வொரு நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை தர வேண்டும். ஆறாவது இலக்கம் என்றால் தரையில் ஏறத்தாழ அரைச் சாண் துல்லியம். சாதாரணக் கைபேசி சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமானால் எல்லை முழுவதையும் வரைந்து தர வேண்டும்.

நோக்கத்தில் எனக்குச் சண்டையில்லை. காட்டை வெட்டிக் காப்பி நட்ட கதைகள் உண்மையானவை. என் கேள்வி செலவைப் பற்றியது. எத்தியோப்பியாவில் வீட்டுக் கொல்லையில் நிற்கும் செடிகளிலிருந்து ஒருவர் கொண்டுவரும் ஒரு கூடைப் பழம், கழுவும் நிலையத்தில் நூற்றுக்கணக்கானவர்களின் பழத்தோடு கலந்துவிடுகிறது. அந்தக் கலவையில் ஒருவருடைய நிலத்துக்கு ஆதாரம் இல்லையென்றாலும் மொத்தச் சரக்கும் சந்தேகத்துக்குள்ளாகும். வாங்குபவர் என்ன செய்வார்? கணக்குத் தெளிவாக இருக்கும் பெருந்தோட்டத்தைத் தேடிப் போவார். சட்டத்தைக் கடைப்பிடிக்கும் சிரமத்தைக் காரணம் காட்டிச் சிறு விவசாயியை ஒதுக்குவது சட்டவிரோதமில்லையே!

இதில் இன்னொரு கூத்து. வரைபடத்தை எடுப்பது பெரும்பாலும் வாங்கும் நிறுவனம். அது நிறுவனத்தின் கணினியில்தான் கிடக்கும். விவசாயி அடுத்த ஆண்டு வேறொருவருக்கு விற்கப் போனால் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். நிலம் அவருடையது, நிலத்தின் விவரம் வேறொருவருடையது. சட்டம் நடைமுறைக்கு வரும் நாளையோ இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். முதல் தேதியை நம்பி முன்கூட்டியே செலவு செய்தவர்களுக்கு அதற்கு என்ன பதில்?

உங்களிடம் ஏன் இதையெல்லாம் சொல்கிறேன் என்றால், காப்பி விளைவிப்பவரையும் குடிப்பவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்த சரித்திரம் உங்களுக்கு இருக்கிறது. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு வைத்து விலையைத் தாங்கிப் பிடித்த 1962 சர்வதேச காப்பி உடன்படிக்கை அன்பினால் பிறந்ததல்ல. கியூபப் புரட்சிக்குப் பிறகு லத்தீன் அமெரிக்காவில் விலை சரிந்தால் ஆட்சிகளும் சரியும் என்று வாஷிங்டன் பயந்தது. ஆனாலும் அதன் ஒரு அம்சம் எனக்குப் பிடிக்கும். ஒதுக்கீட்டுக் காலத்தில் உரிய முத்திரை ஒட்டிய பிறப்பிடச் சான்று இல்லாத காப்பியை இறக்குமதி நாட்டின் சுங்கத் துறையே தடுத்தது. விதியை ஏற்றவர்கள் அதைக் காக்கும் வேலையிலும் பாதியைச் சுமந்தார்கள்.

ஒதுக்கீடு திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உறுப்பினரல்லாத நாடுகளுக்கு மலிவாக விற்ற சரக்கு சுற்றிவளைத்து உள்ளே வந்ததும், லாபம் பல நாடுகளில் அரசின் காப்பி வாரியங்களோடும் அரசியல்வாதிகளோடும் நின்றுபோனதும் ஊரறிந்த விஷயம். 1989 ஜூலையில் அந்த ஒதுக்கீட்டு முறை முறிந்தபோது ஒரு பவுண்டுக்கு 120 முதல் 140 சென்ட் என்று பிடித்து வைத்திருந்த இலக்கு விலையும் போயிற்று. 2001இல் சராசரி விலை 50 சென்ட்டுக்கும் கீழே. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா வகைக் காப்பி பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியது. இந்த ஊசலாட்டத்தை இனி எந்தக் கவுன்சிலாலும் கட்டிப்போட முடியாது. நிலத்தை அளக்கும் செலவைப் பங்கிட முடியும்.

ஐரோப்பிய ஒன்றியம் உங்கள் உறுப்பினர். விதி பிரஸ்ஸல்ஸில் எழுதப்பட்டாலும் அதை நிறைவேற்றும் முறையை உங்கள் மேசையில் பேசலாம். நில வரைபடத்துக்கு ஒரே வடிவம் வேண்டும். அதை விளையும் நாட்டின் பொதுப் பதிவேடு வைத்திருக்கட்டும். நகல் விவசாயியின் கையில் இருக்கட்டும். எந்த வாங்குபவரும் அதை ஏற்கட்டும். அளக்கும் செலவை இறக்குமதி நாடுகளும் வறுத்து விற்கும் நிறுவனங்களும் ஏற்க வேண்டும். உங்கள் 2022 காப்பி உடன்படிக்கை தனியார் துறைக்கு உங்கள் அவையில் முறையான இடம் வகுத்திருக்கிறது. இடம் தந்தவர்கள் பில்லையும் நீட்டலாம். அதே பதிவேட்டில் விவசாயிக்குக் கிடைத்த விலையும் ஏறட்டும். நிலத்தை அரைச் சாண் துல்லியத்தில் காட்டச் சொல்பவர்கள், கொடுத்த பணத்தை அதே துல்லியத்தில் காட்டத் தயங்கக் கூடாது. 2018இல் வெளியேறிய அமெரிக்காவையும் இந்தப் பேச்சுக்கு அழையுங்கள். அவ்வளவு பெரிய சந்தை வெளியே நின்றால் பதிவேடு அரைகுறைதான்.

ஏற்றுமதி நாடுகளுக்கு 1,000 வாக்கு, இறக்குமதி நாடுகளுக்கு 1,000 வாக்கு என்று சமமாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒருமித்த கருத்து என்று பேசி முடித்துவிடுவதால் யார் எதை எதிர்த்தார்கள் என்பது வெளியே தெரிவதில்லை. இந்தச் செலவுப் பங்கீட்டை அடுத்த அமர்விலேயே வாக்கெடுப்புக்கு விடுங்கள். எந்த நாடு எப்படி வாக்களித்தது என்ற பட்டியலையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
காப்பி வணிகத்தைக் கவனித்து வரும் ஒரு வாசகர்