பாஞ்சாலி கூந்தல் முடிக்காத ஆண்டில் எனக்கு வேலை கொடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் கூத்துச் செட்டுத் தோழர்களுக்கும் வணக்கம்.

காரிமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். இருபது ஆண்டுகளாகப் பெண்வேஷம் கட்டுகிறவன் என்று சொன்னால் தருமபுரிப் பக்கம் சிலருக்காவது என்னைத் தெரியும். சென்ற சித்திரையில், இரண்டு ஆண்டுகள் கழித்து, பாரதக் கூத்தில் மறுபடியும் பாஞ்சாலியாக நின்றேன். கடைசி நாள் படுகளம், போர் முடிவை ஆடிக் காட்டும் சடங்கு. மண்ணால் செய்து கிடத்தியிருந்த துரியோதனனின் தொடையைப் பீமன் அடித்துப் பிளந்தான். நான் கூந்தலை அள்ளி முடிந்தபோது கை நடுங்கிவிட்டது. அந்த நடுக்கம் அடங்குவதற்குள் இந்த மடலை எழுதியிருக்க வேண்டும். மாங்காய்ப் பருவம் குறுக்கிட்டதால் ஜூன் மாதம் ஆகிவிட்டது.

2020 மார்ச் 24 அன்று மாலை கொரோனாவுக்காக 144 தடை வந்தது. மறுநாள் நாடே அடைந்துகொண்டது. எங்களுக்குப் பங்குனி முதல் வைகாசி வரைதான் அறுவடை. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலெல்லாம் பாரதம் படிப்பார்கள். இரவு பத்து மணிக்குத் திரை பிடித்தால் விடியும்வரை கூத்து நடக்கும். அந்த மூன்று மாதக் கூலியில்தான் மீதி ஒன்பது மாதமும் அடுப்பு எரியும். அந்த ஆண்டு நான்கு ஊர்களில் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வாங்கி, புதுத் துணிமணிக்கும் ஆர்மோனியம் பழுது பார்ப்பதற்கும் செலவழித்துவிட்டிருந்தோம். நான்கு ஊரிலும் ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "அம்மன் பணம். எப்போது ஆடுகிறீர்களோ அப்போது ஆடிக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு தர்மகர்த்தா சொன்னார். முதல் கும்பிடு அந்த நான்கு ஊருக்கு. ஏப்ரலில் அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயையும் அரிசியையும் முகம் சுளிக்காமல் அளந்து கொடுத்த எங்கள் ரேஷன் கடைக்காரருக்கும் நன்றி.

"எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொன்னவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். அவர்கள் அன்பை மறக்கவில்லை. ஆனால் என்னைக் காப்பாற்றியவர்கள் எனக்கு வேலை கொடுத்தவர்கள். அவர்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எனக்கு இரவில் தூக்கம் வராது. விடிய விடிய ஆடிப் பழகிய உடம்பு. ஊரடங்கு வந்த பிறகு திண்ணையில் புரண்டு புரண்டு கிடந்தேன். ஏதோ நோய் என்றே நினைத்தேன். பக்கத்து மாந்தோப்புக்கார அண்ணன் இதைக் கேள்விப்பட்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "உனக்குத் தூக்கம் வரவில்லை, எனக்கு விழித்திருக்க ஆள் இல்லை. வா" என்றார். வழக்கமாகக் காவலுக்கு வருகிறவர்கள் வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெங்களூரா, செந்தூரா மாங்காய்கள் திரண்டு நின்ற நேரம். பெங்களூரா, மாங்கூழ்த் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய காய். வாங்க ஆள் வருமா வராதா என்று அவருக்கே தெரியாது. அந்த நிலையிலும் எனக்குக் கூலி பேசினார், சொன்ன நாளில் கொடுத்தார். குறை என்று நான் நினைத்திருந்ததைத் தகுதி என்று கண்டவர் அவர். அண்ணா, இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காவல் குடிசையில் ஒரு குண்டு பல்பு இருந்தது. அந்த வெளிச்சத்தில்தான், எனக்குக் கூத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இரண்டாவது வேலையைக் கொடுத்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, மூன்று கல் தொலைவில் இருக்கிறார், போய்ப் பார்க்க வழியில்லை. ஓர் இரவு கைபேசியில் கூப்பிட்டு, "நான் பாடுகிறேன், நீ எழுது" என்றார். அவருடைய குருநாதர் எழுதி வைத்த ஏடுகளைக் கரையான் தின்றுவிட்டது. கூத்துகள் அவர் நெஞ்சில் மட்டும்தான் இருந்தன. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். "எனக்குக் குரல்தான் சொத்து, எழுத்து வராதே" என்றேன். "குரல் நான் கொடுத்தது. உன் சொத்து காது" என்றார்.

அதன் பொருள் சில நாளில் புரிந்தது. கர்ண மோட்சம் என்ற கூத்தில் ஒரு விருத்தப் பாட்டின் நடுவே அவருக்கு அடி மறந்துபோகும். நான் முந்தைய அடியைப் பாடுவேன். அடுத்த அடி அவருக்குத் தானாக வரும். வராவிட்டால் எனக்கு வரும். கர்ணன் வேஷம் நான் கட்டியதே இல்லை. ஆனால் என் முறை வரும்வரை திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனை இரவுகள் கேட்டிருக்கிறேன்! தரு, கந்தார்த்தம் என்ற பாட்டு வகைகளும் வசனமும் அப்படியே உள்ளே படிந்து கிடந்தன. வௌவால் விரட்ட ஒரு சுற்று, எழுத்து ஒரு மணி நேரம், மறுபடி ஒரு சுற்று என்று போயிற்று. வாத்தியார் என்னிடம் கேட்ட ஒரே கூலி, எழுதியதை மறுநாள் படித்துக் காட்ட வேண்டும் என்பதுதான்.

நோட்டுகளைக் கொடுத்தவர் மளிகைக்கடை அண்ணன். மதியம் ஒரு மணிக்குக் கடையை மூடியாக வேண்டும். அந்த நெரிசலிலும் எனக்கென்று எடுத்து வைத்திருப்பார். ஏழு நோட்டு, அத்தனையும் கடன். கணக்கில் "கூத்து" என்றுதான் எழுதியிருந்தார், என் பெயரைக்கூட எழுதவில்லை.

என் எழுத்தைத் திருத்தியது எதிர்வீட்டுப் பெண். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள், கடைசியில் ஜூன் 9 அன்று பரீட்சையே இல்லை என்றார்கள். அந்தத் தவிப்புக்கு நடுவே என் றகர ரகரத்தையும் ளகர ழகரத்தையும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தாள். 'அபிமன்னன்' என்று நான் எழுதியதை 'அபிமன்யு' என்று மாற்றியபோது வாத்தியார் ஒப்பவில்லை. "கூத்தில் அவன் அபிமன்னன்தான். சந்தம் அப்படித்தான் நிற்கும்" என்றார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, பாட்டில் அபிமன்னனை அப்படியே விட்டு, ஓரத்தில் சிறிய எழுத்தில் அபிமன்யு என்று குறித்தாள். படித்த பிள்ளைகள் எல்லோரும் இந்தப் பக்குவத்தோடு நம் கலையைத் தொட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வாரம் ஒரு முறை வேஷத் துணிகளை வெயிலில் உலர்த்தி, பூச்சி அரிக்காமல் காத்தாள் என் மனைவி. அந்த ஆண்டு பாஞ்சாலி கூந்தல் முடிக்கவில்லை. அடுத்த ஆண்டும் இல்லை. ஆனாலும் ஒரு வாரம்கூட அவள் அந்த வேலையை விடவில்லை. மூன்றாம் ஆண்டு அதே சேலையைத்தான் கட்டி ஆடினேன்.

ஏழு நோட்டிலும் சேர்த்து பதினொரு கூத்துகள் இருக்கின்றன. எங்கள் செட்டில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் அதை வைத்துத்தான் பாடம் செய்கிறார்கள். முதல் நோட்டின் அட்டையில் மாம்பால் கறை இன்னும் போகவில்லை. அச்சாரம் கொடுத்த நான்கு ஊரில் இரண்டுக்கு ஆடிக் கழித்துவிட்டோம். மற்ற இரண்டு ஊருக்கும் ஆடி மாதம் வருகிறோம், அதில் ஓர் இரவு கர்ண மோட்சம். எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சித்திரையில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியிருந்ததால், தான் திருத்திய கூத்தை அவள் இன்னும் மேடையில் பார்க்கவில்லை. அம்மா, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு பாய் போட்டு வைக்கிறேன். வாத்தியாரும் அங்கேதான் உட்காருவார்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பாஞ்சாலி வேஷக்காரன்