எங்கள் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

சென்னைக் கல்லூரிகளின் சமூகப்பணி, சமூகவியல் துறை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் எண்ணூர் மீனவக் குப்பம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். மாலையில் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். உங்கள் மாணவர்கள் கள ஆய்வுக்கு வந்தால் வீடு வீடாக அழைத்துப் போவதும் பெரும்பாலும் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றிலும் அது கடலைச் சேரும் கழியிலும் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சு முட்டித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் கேள்வித்தாள்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. குடும்ப வருமானம் எவ்வளவு, கழிப்பறை இருக்கிறதா, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். நாங்களும் சொல்கிறோம். சொன்னது என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. மாணவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்குக் கற்றுத் தரும் முறையை மாற்றச் சொல்லித்தான் கேட்கிறேன்.

செயலாய்வு உங்களுக்குப் புதிதல்ல. திட்டமிட்டு, செய்து, என்ன நடந்தது என்று பார்த்து, மறுபடி திட்டமிடும் அந்த முறையை உளவியலாளர் குர்த் லெவின் 1940களிலேயே எழுதிவிட்டார். 1970களில் கொலம்பியாவில் சமூகவியலாளர் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்டாவும் அவரோடு இருந்தவர்களும் நிலத்துக்காகப் போராடிய விவசாயிகளுடன் சேர்ந்து ஆராய்ந்தார்கள். கண்டறிந்ததைப் படக்கதையாக வரைந்து அந்த விவசாயிகளிடமே கொடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கடலூரைப் பாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் 2004 முதல் தாங்களே காற்றைக் கண்காணித்தார்கள். எத்தனை மணிக்கு வாடை வந்தது, காற்று எந்தத் திசையில் அடித்தது, வாடை எப்படி இருந்தது, யாருக்குக் கண் எரிந்தது என்று குறித்து வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 'நாற்றம் அடிக்கிறது' என்று மட்டும் மனு கொடுத்தால் தட்டிக்கழிப்பது சுலபம். தேதியும் நேரமும் ஆய்வக முடிவும் சேர்ந்து வந்தால் அது அவ்வளவு சுலபமில்லை.

எங்களிடமும் கேள்விகள் இருக்கின்றன. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து கழியில் எங்கெங்கே ஆழம் குறைந்திருக்கிறது? தண்ணீரில் இறங்கி இறால் தடவிப் பிடிக்கிறவர்களுக்கு எந்தெந்த மாதங்களில் அரிப்பு அதிகம்? 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் இருந்த கழியை, பின்னால் காட்டப்பட்ட வரைபடத்தில் காணோம். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தினமும் வலை போடுகிறவருக்குத் தெரியும். ஆனால் அது காகிதத்தில் இல்லை.

ஆழத்தை அளக்க அடையாளம் போட்ட மூங்கில் கம்பு போதும். ஆனால் அளக்கும்போது கடல்தண்ணீர் ஏற்றமா வற்றமா என்று எழுதாவிட்டால் அந்தக் கணக்கு நிற்காது. அதை எங்கள் ஆட்கள் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். அந்தக் கணக்கை எப்படிப் பதிவு செய்வது, தகவல் உரிமைச் சட்டத்தில் எதைக் கேட்பது, எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று மாணவர்கள் எங்களுக்குச் சொல்லித் தரட்டும். இரண்டு பேரும் படிக்கிறோம். என்னைக் கேட்டால், இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

ஒரு செமஸ்டரில் இது முடியாதுதான். அதனால் ஒரு வருடத்து மாணவர்கள் விட்ட இடத்திலிருந்து அடுத்த வருடத்தவர்கள் அதே நோட்டில் தொடர வேண்டும். அந்த நோட்டு குப்பத்தில் இருக்கட்டும், பிரதியைக் கல்லூரி வைத்துக்கொள்ளட்டும். யார் பெயரையும் அவர்களைக் கேட்காமல் வெளியே சொல்லக் கூடாது. அப்புறம், மதிப்பெண் போடுவதற்கு முன்னால் மாணவர்கள் தங்கள் ரிப்போர்ட்டைத் தமிழில் குப்பத்துக் கூட்டத்தில் படிக்க வேண்டும். "இது தப்பு, இப்படி இல்லை" என்று ஓர் ஆயா எழுந்து சொன்னால் அதையும் அதில் எழுத வேண்டும்.

அடுத்த கள ஆய்வுக்குக் கேள்வித்தாளைத் தயாரிக்கும் முன் ஒருமுறை வாருங்கள். காலையில் பெண்கள் மீன் விற்கப் போய்விடுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வந்தால் எல்லாரும் இருப்போம்.

இப்படிக்கு,
எண்ணூர்க் குப்பத்துப் பெண் ஒருத்தி