வானியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் மன்றம் செய்த வேலைகளை இங்கே வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அம்மா தனியாகப் படிப்பார். மாதக் கூட்டம் பத்து நடந்தது. ஏப்ரலில் தேர்தல் வேலை, நவம்பரில் மழை, அந்த இரண்டு மாதமும் கூட முடியவில்லை.

இந்த ஆண்டில் என் மனதில் நிற்பது ஆகஸ்ட் 23. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாளை தேசிய விண்வெளி தினமாகக் கொண்டாடிய முதல் ஆண்டு இது. மண்டபத்தில் பேச்சாளரை வைத்து நடத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். சந்திரயான் சோதனைக்குப் பாறை கொடுத்த சித்தம்பூண்டி நம் நாமக்கல் மாவட்டத்திலேயே இருக்கும்போது மண்டபம் எதற்கு என்று தலைவர் கேட்டார். சரி என்று வேன் பிடித்துப் பள்ளிப் பிள்ளைகளோடு கிளம்பினோம்.

அங்கே காட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி, "ஏஞ் சாமி, இந்தக் கல்லத்தான் நெலாவுக்குக் கொண்டு போனாங்களாக்கும்?" என்று கேட்டார். மாவட்டம் முழுக்கப் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் பதிவு செய்கிறேன்.

கல் நிலவுக்குப் போகவில்லை, நிலவு மண்ணைப் போன்ற மண் செய்து சோதனை நடத்த பெங்களூரில் இருக்கும் இஸ்ரோவுக்குப் போனது. நிலவின் மேட்டு நிலங்களில் அனார்த்தோசைட் என்ற வெளிர் பாறைதான் அதிகம். அதே வகைப் பாறை சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் இருக்கிறது, வயது சுமார் 250 கோடி ஆண்டு. அமெரிக்காவிலிருந்து செயற்கை நிலவு மண்ணை டன் கணக்கில் வாங்கினால் கட்டுப்படியாகாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் உள்ளிட்டோர் இந்தப் பாறையைச் சுட்டிக்காட்ட, அதை உடைத்து, அரைத்து, வேண்டிய பருமனுக்குச் சலித்து ஏறக்குறைய 50 டன் கொண்டு போனார்கள். அந்த மண் செய்முறைக்கு இஸ்ரோ 2020-ல் காப்புரிமையும் பெற்றது.

அந்த மண்ணைப் பரப்பி, அதன்மேல் ரோவரை, அதாவது நிலவில் ஓடும் ஆய்வு வண்டியை, ஓட்டினார்கள். நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதான் என்பதால், சந்திரயான்-2 ரோவரை ஹீலியம் பலூனில் கட்டி, எடையைக் குறைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ரோவரைச் சுமந்து நிலவில் இறங்கும் லேண்டரின் கால் மண்ணில் எப்படிப் பதிகிறது என்பதற்கும் சோதனை நடந்தது. 2019-ல் சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. அடுத்து வந்த சந்திரயான்-3-ல் கால்களை இன்னும் உறுதியாக்கினார்கள். 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்றிருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என விரித்தார்கள். வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி சேர்த்தார்கள். 2023-ல் லேண்டர் நொறுங்காமல் நிலவில் இறங்கி நின்றது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவர் ஆறு சக்கரத்தில் இறங்கி, 100 மீட்டருக்கு மேல் ஓடியது.

பாட்டி குனிந்து ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டார். அன்று பேசிய எந்தப் பேச்சையும்விட எனக்கு அது பெரிது.

திரும்பி வந்ததும் பள்ளியில் ஒரு சோதனை செய்தோம். ஒரு தட்டில் ஆற்று மணல், இன்னொன்றில் கிரஷர் தூள். பிள்ளைகள் விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். ஆற்று மணல் உருண்டு நழுவியது, கிரஷர் தூள் விரலைக் கடித்தது. நிலவில் காற்றும் தண்ணீரும் இல்லாததால் துகள்களின் முனை மழுங்குவதில்லை என்பது அவர்களுக்கு விளக்காமலே புரிந்தது. பொம்மை வண்டிச் சக்கரம் இரண்டிலும் வெவ்வேறு விதமாகப் புதைந்ததை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அளவுகோல் வைத்துக் குறித்து வைத்திருக்கிறாள். அந்தத் தாள் மன்றக் கோப்பில் இருக்கிறது.

டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு ஸ்பேடெக்ஸ் ஏவப்பட்டதைத் திரையில் பார்த்தோம். தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்களை வானத்திலேயே இணைக்கும் முயற்சி அது. இணைப்பை இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். ஜனவரி 12-ல் 3 மீட்டர் வரை நெருங்க வைத்து, மறுபடி விலக்கினார்கள். 16-ஆம் தேதிதான் இணைந்தன. அவசரப்படாமல் விலகி நின்றார்களே, அந்தப் பொறுமையைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதே ராக்கெட்டில் போன 8 தட்டைப்பயறு விதைகள் நான்கு நாளில் முளைத்ததைச் சொன்ன கூட்டத்தில்தான் விவசாயி உறுப்பினர்கள் அதிகம் பேசினார்கள். வேர் எந்தப் பக்கம் போகும் என்ற கேள்வியில் மட்டும் ஒரு மணி நேரம் போனது!

அப்புறம், வருத்தமான செய்தி ஒன்று. நம் ஆறு அங்குலத் தொலைநோக்கியின் ஆடி மங்கியதால் பூச்சுக்கு அனுப்பினோம். கீறலோடு திரும்பி வந்தது. மீண்டும் அனுப்பிச் சரிசெய்து வாங்க நான்கு மாதம் ஆனது. அதற்குள் அக்டோபரில் மாலை வானில் தெரிந்த சூச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் காட்ட முடியாமல் போனது. அனுப்பும் முன்பே ஆடியைப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும், இனி அப்படியே செய்வோம். ஜனவரியில் வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் நான்கையும் ஒரே மாலையில் பள்ளி மைதானத்தில் காட்டியது ஓரளவு ஆறுதல்.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். சித்தம்பூண்டிப் பாறை ஓரத்தில், அது என்ன பாறை, எதற்குப் பயன்பட்டது என்று தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். ஊராட்சியிடம் அனுமதி கேட்கும் கடிதம் தயாராக இருக்கிறது. பலகைச் செலவுக்குப் பங்கு தர விரும்புவோர் பொருளாளரிடம் பெயர் கொடுக்கவும். கடிதத்தில் உறுப்பினர்கள் அனைவரும் கூட்டம் முடிந்ததும் கையெழுத்திட்டுவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்