அமெரிக்கத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களின் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின்களே, வணக்கம்.

பொங்கல் விழா டிக்கெட், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கை, ஊருக்குப் போகிறவர் பெட்டியில் இரண்டு கிலோ இடம், வாடகைக்கு வீடு என்று நாள் முழுக்க ஓடும் குழுக்களைச் சம்பளமில்லாமல் நடத்துகிறீர்கள். அதற்கு நன்றி. தேர்தல் காலம் வந்துவிட்டால் அதே குழுக்களில் வேறு என்னவெல்லாம் ஓடுகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

2024 செப்டம்பரில் ஓடிய ஸ்பிரிங்ஃபீல்டு கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஓஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் குடியேறிய ஹைட்டி நாட்டுக்காரர்கள் அக்கம்பக்கத்து நாயையும் பூனையையும் பிடித்துத் தின்கிறார்களாம். செப்டம்பர் 10 அன்று பிலடெல்பியாவில் கமலா ஹாரிஸோடு நடந்த அதிபர் தேர்தல் விவாதத்தில் டிரம்ப் இதைச் சொன்னார். நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்று நகர நிர்வாகம் தெரிவித்திருப்பதாக நெறியாளர் டேவிட் மியூர் அந்த மேடையிலேயே குறுக்கிட்டுச் சொன்னார். நம் குழுக்களுக்கு வந்து சேர்ந்தது டிரம்ப் சொன்னது மட்டும்தான். அதுவும் பின்னணி இசை, தமிழ்க் குரல் எல்லாம் சேர்த்து. தென்காசியிலிருந்து என் அப்பா போன் செய்து, "அங்க பூனையெல்லாம் சாப்பிடறாங்களாமே, ஜாக்கிரதையா இருங்க" என்றார். இங்கிருந்து போன வீடியோதான் அவருக்குப் போயிருந்தது.

கதை எப்படிக் கட்டப்பட்டது என்று பாருங்கள். ஒருவர் ஃபேஸ்புக்கில், தெரிந்தவருக்குத் தெரிந்தவரின் பூனை காணாமல் போனதாக எழுதினார். அவர் எதையும் நேரில் பார்க்கவில்லை. ஒரு ஆள் வாத்து போன்ற பறவையைத் தூக்கிக்கொண்டு போகும் படம் சுற்றியது. அது எடுக்கப்பட்டது ஸ்பிரிங்ஃபீல்டில் அல்ல, கொலம்பஸில். பூனையைத் தின்றதாகக் கைதான பெண்ணும் அந்த ஊர் அல்ல, கேன்டன் நகரத்தவர், அமெரிக்கக் குடிமகள், ஹைட்டிக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்பிரிங்ஃபீல்டிலேயே ஒரு பெண், தன் பூனையைப் பக்கத்து வீட்டு ஹைட்டிக் குடும்பம் எடுத்திருக்கலாம் என்று போலீசில் சொன்னது உண்மை. சில நாளில் பூனை அவர் வீட்டு பேஸ்மென்ட்டிலேயே கிடைத்தது. அவர் பக்கத்து வீட்டுக்குப் போய், போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கறுப்பாக வாந்தி எடுத்தவனை, காக்கா காக்காவாக எடுத்தான் என்று ஊர் சொன்ன கதைதான் இது. அந்த மன்னிப்பை நம் குழுக்களில் யாரும் ஃபார்வர்டு செய்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை. 30-க்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள். எல்லாம் புரளி, ஆனாலும் பள்ளிகளையும் நகர அலுவலகத்தையும் காலி செய்ய வேண்டியிருந்தது. ஆளுநர் மைக் டிவைன் பள்ளிகளுக்கு மாநிலப் போலீசை அனுப்பினார். அவரும் மேயர் ராப் ரூவும் டிரம்பின் குடியரசுக் கட்சிக்காரர்கள்தான். இருவருமே இந்தக் கதைக்கு ஆதாரமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மக்கள் படும் துன்பத்தை ஊடகங்கள் கவனிக்கக் கதைகளை உருவாக்க வேண்டுமென்றால் அதைச் செய்வேன் என்று டிரம்பின் துணை அதிபர் வேட்பாளரான ஜே.டி.வான்ஸ் சி.என்.என். பேட்டியில் சொன்னார். ஊடகக் கவனத்தை உருவாக்குவதைத்தான் சொன்னேன் என்று அப்புறம் விளக்கமும் கொடுத்தார்.

ஸ்பிரிங்ஃபீல்டில் பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 60,000 பேர்கூட இல்லாத ஊர். சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் வந்தால் வாடகை ஏறும், மருத்துவமனையில் வரிசை நீளும், பள்ளிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும். இவற்றைக் கேட்பவரை இனவெறியர் என்று சொல்ல மாட்டேன். வந்தவர்களில் பெரும்பாலோர் சட்டப்படி தங்கவும் வேலை செய்யவும் அனுமதி பெற்றவர்கள், ஆள் கிடைக்காமல் திண்டாடிய தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பேசலாம். 2023 ஆகஸ்டில் ஒரு ஹைட்டிக்காரர் ஓட்டிய வேன் பள்ளிப் பேருந்தில் மோதி 11 வயதுச் சிறுவன் இறந்தான். அவனுடைய அப்பாவே நகர மன்றக் கூட்டத்துக்கு வந்து, என் மகன் சாவை வெறுப்புக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று கெஞ்சினார். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இருந்த நிதானம், சோபாவில் சாய்ந்தபடி ஃபார்வர்டு தட்டும் நமக்கு இல்லை.

"நமக்கு எதுக்குங்க இந்த வம்பு, நாம படிச்சு முறையா வந்தவங்க" என்று ஒரு குழுவில் எனக்குப் பதில் வந்தது. சரி, நம் கதைக்கு வருவோம். அந்த விவாதத்துக்கு இரண்டு நாள் முன்பு டிரம்ப் ஆதரவாளரான வலதுசாரிப் பிரசாரகர் லாரா லூமர், கமலா ஹாரிஸ் ஜெயித்தால் வெள்ளை மாளிகையில் கறி (நம் குழம்பு மசாலா) வாசனை வீசும் என்று எழுதினார். கமலாவின் அம்மா ஷியாமளா கோபாலன் நம் தமிழ்ப் பெண். அப்படி எழுதிய லூமர், விவாத நாளில் டிரம்பின் விமானத்திலேயே பிலடெல்பியா போனார். பூனைக் கதைக்கும் கறி வாசனைக்கும் கைதட்டிய கூட்டம் ஒன்றுதான். முதலாவதற்கு நாமும் சேர்ந்து சிரித்தோம்.

அந்த டிசம்பரிலேயே, சென்னையில் பிறந்து வளர்ந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆலோசகராக டிரம்ப் அறிவித்தார். லூமர் உடனே பாய்ந்தார். ஒவ்வொரு நாட்டவருக்கும் இத்தனை கிரீன் கார்டுதான் என்ற உச்சவரம்பைப் பற்றி ஸ்ரீராம் முன்பு எழுதிய ஒரு பதிவில் தொடங்கிய சண்டை, சில நாளிலேயே இந்தியர்கள் அழுக்கானவர்கள், ஏமாற்றுக்காரர்கள் என்ற வசவாக மாறியது. அப்போது நம் குழுக்களில் கோபம் கொதித்தது. "இது அப்பட்டமான இனவெறி" என்று எழுதியவர்களில் சிலர் செப்டம்பரில் பூனை வீடியோ போட்டவர்கள். ஸ்க்ரோல் செய்தால் இன்னும் இருக்கும்.

1907-லும் இந்தியர்கள்மீது இதே வெறுப்புதான் பாய்ந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை பார்த்த இந்தியர்களை, பெரும்பாலும் சீக்கியர்களை, ஒரு கும்பல் அடித்து விரட்டியது. சில நாட்களுக்குள் அந்த ஊரில் இந்தியரே இல்லை என்ற நிலை.

இது ஒரு கட்சி சார்ந்த மடல் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்பைச் சுட்டபோது, அது நாடகம் என்ற ஃபார்வர்டும் நம் குழுக்களில் ஓடியது. அந்தக் "நாடகத்தில்" முன்னாள் தீயணைப்பு வீரர் ஒருவர் குடும்பத்தை மறைத்து நின்று உயிரை விட்டார். அந்த ஃபார்வர்டை அனுப்பியவர்கள் பெரும்பாலும் என்னைப் போல் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள்.

இனி உங்களிடம் கேட்பது. யார் போட்ட செய்தியையும் எல்லாருக்குமாக அழிக்கும் வசதியை 2022-லேயே வாட்ஸ்அப் அட்மின்களுக்குக் கொடுத்துவிட்டது. ரியல் எஸ்டேட் விளம்பரத்தை ஒரு நிமிடத்தில் அழிக்கிறீர்கள். ஒரு இனத்தையே பழிக்கும் வீடியோ மட்டும் "அவரவர் கருத்து" என்று இரண்டு நாள் கிடக்கிறது. அரசியலே பேசக்கூடாது என்று தடை போடச் சொல்லவில்லை, அது வேலைக்கும் ஆகாது. "வந்ததை அப்படியே அனுப்பினேன்" என்ற சாக்கை மட்டும் இனி ஏற்காதீர்கள். குழுவின் விவரப் பகுதியில் கீழே உள்ளதை ஒட்டிக்கொள்ளுங்கள், வேண்டிய இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"இரட்டை அம்புக்குறியோடு (பலமுறை ஃபார்வர்டு ஆனதன் அடையாளம்) வரும் அரசியல் செய்தியைப் போடுபவர், எந்த ஊர், எந்தத் தேதி, முதலில் சொன்னது யார் என்ற மூன்றையும் சேர்த்துப் போட வேண்டும். இல்லையென்றால் அழிக்கப்படும். பொய் என்று தெரிந்தால், போட்டவரே இதே குழுவில் திருத்தம் போட வேண்டும். எந்தக் கட்சியாக இருந்தாலும்."

இப்படிக்கு,
ஓஹையோவிலிருந்து ஒரு குழு உறுப்பினர்