தொடைத் தசை ஸ்கேன்: கருவி வாங்கும் முன் அளவுமுறையை முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் முதியோர் மருத்துவத் துறையினருக்கு,

வணக்கம். முதியோரின் உடல் தளர்ச்சியை மதிப்பிடத் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளப்பது நல்ல வழி. கதிர்வீச்சு கிடையாது, படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் செய்யலாம். ஆனால் எங்கே, எப்படி அளந்தது என்று குறிக்காத மில்லிமீட்டர் கணக்கால் பயனில்லை. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஒரே அளவுமுறையை முதலில் எழுதி வையுங்கள்.

அளக்க வேண்டியது தொடையின் முன்பக்கத்தில் உள்ள ரெக்டஸ் ஃபெமோரிஸ் தசை. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் மேல்விளிம்பு வரை டேப் பிடித்து, நடுப்புள்ளியைப் பேனாவால் குறிக்க வேண்டும். முழங்காலை நோக்கிப் போகப்போகத் தசை மெலிவதால், கண்மதிப்பில் வைத்தால் அடுத்த முறை வேறு எண்தான் வரும். அந்தத் தூரத்தையும் எந்தக் கால் என்பதையும் சீட்டில் எழுதுங்கள். நடந்து வந்தவரை உடனே அளக்காமல், பத்து நிமிடமாவது மல்லாந்து படுக்க வையுங்கள். முழங்கால் நீட்டியிருக்கட்டும், தொடை இறுக்கமின்றி இருக்கட்டும்.

பெரும்பாலான பிழை கையழுத்தத்தில்தான். மெலிந்த தசை லேசாக அழுத்தினாலே தட்டையாகிவிடும். தோல்மேல் வைக்கும் ஸ்கேன் முனையான லீனியர் புரோபை ஜெல்லின் மேல் மிதக்கவிட வேண்டும். தோலுக்கு மேலே ஜெல் கரும்பட்டையாகத் திரையில் தெரிந்தால் அழுத்தம் இல்லை என்று நம்பலாம். மூன்று படம் எடுத்துச் சராசரி போடுங்கள். தசைக்குள் கொழுப்பும் நாரும் சேர்ந்தால் படம் வெளுக்கும். அதே வெளுப்பு, படத்தின் வெளிச்சத்தை மாற்றும் கெயினைக் கூட்டினாலும் வரும், புரோப் சாய்ந்தால் குறையும். ஆகவே கெயினும் ஆழமும் ஒருமுறை நிர்ணயித்தபின் மாறக் கூடாது. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களிடம் நீர்வீக்கம் தசையைத் தடிமனாகக் காட்டி ஏமாற்றும். கால் வீக்கம் இருந்தால் அதையும் குறியுங்கள்.

எந்த அளவுக்குக் கீழே போனால் தளர்ச்சி என்பதற்கு எல்லோரும் ஏற்ற எல்லை இன்னும் இல்லை. ஐரோப்பிய முதியோர் மருத்துவச் சங்கத்தில் தசை அல்ட்ராசவுண்டுக்கான சார்கஸ் குழு 2018-இல் வெளியிட்டவையும் அளவிடும் முறைக்கான பரிந்துரைகளே. எனவே ஒருவரின் எண்ணை அவருடைய பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். தொடங்கும் முன் இரண்டு ஊழியர்கள் ஒரே பத்துப் பேரைத் தனித்தனியே அளந்து பார்க்கட்டும். அவர்களுக்குள் வரும் வேறுபாட்டைவிடச் சிறிய மாற்றத்தைத் தசை இழப்பு என்று எழுதாதீர்கள்.

பிடிவலிமையையும் நடைவேகத்தையும் கைவிடவும் கூடாது. உடல் தளர்ச்சிக்கு அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைட் 2001-இல் வகுத்த ஐந்து அளவுகோல்களில் இவ்விரண்டும் உண்டு, தசைத் தடிமன் இல்லை. சார்கோபீனியாவுக்கு, அதாவது வயதால் தசையும் அதன் வலிமையும் குறைவதற்கு, அதற்கான ஆசியக் குழு 2019-இல் தந்த எல்லைகள் இவை: பிடிவலிமை ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ, நடைவேகம் நொடிக்கு 1 மீட்டர். இவற்றுக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும்.

கையடக்கக் கருவியை வீடுவீடாகக் கொண்டுபோகலாம் என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அல்ட்ராசவுண்ட் கருவிகளுக்கு உள்ள பதிவு விதிகள் அதற்கு இடம் தருகின்றனவா என்று கேட்டறியாமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். வீட்டில் இருக்கும் முதியவருக்கு இப்போதைக்கு டேப் போதும்: கெண்டைக்காலின் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் குறைந்தால் ஓ.பி.க்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் மறுவாழ்வுப் பணியிலுள்ள இயன்முறை மருத்துவர்கள், ஸ்கேன் மருத்துவர்கள்