கயலுக்கு, ஜன்னலுக்கு வெளியே இருந்த குளிரைப் பற்றி

அன்புள்ள கயல்,

நீ போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது, விமானத்தில் இருக்கைத் திரையை எடுத்து அனுப்பிய அந்த இரண்டு படங்களை அப்பா இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சென்னையில் ஏறி ஒரு மணி நேரத்தில் எடுத்ததில் உயரம் 11 கிலோமீட்டர், வெளியே மைனஸ் 41 டிகிரி. தோஹாவில் மாறி, ஹெல்சின்கிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போது எடுத்ததிலும் அதே 11, ஆனால் மைனஸ் 57. "அங்கே குளிர்காலம் என்பதால்தானே அப்பா?" என்று கேட்டாய், நானும் ஆமாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அது பாதிப் பதில்தான் என்று அன்றைக்கு ராத்திரியே உறுத்த ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது படத்தில் நீ இருந்தது காற்று மண்டலத்தின் வேறு அடுக்கு, கண்ணு. ஸ்ட்ராடோஸ்பியர், நாம் இருக்கும் அடுக்குக்கு அடுத்த மேல் அடுக்கு.

மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் நான் பலூன் விட்ட காலம் உனக்கு நினைவிருக்கும். விடிகாலை ஒன்று, சாயங்காலம் ஒன்று, உலகம் முழுக்க எல்லா நிலையங்களிலும் அதே நேரத்தில் விடுவார்கள். ஹைட்ரஜன் நிரப்பிய பலூன், அடியில் ரேடியோசோன்ட் என்று ஒரு சின்னப் பெட்டி, அளந்ததை ரேடியோவில் கீழே அனுப்பும். நிமிடத்துக்கு 300 மீட்டர் போல ஏறும், ஏற ஏறப் பலூன் ஊதிப் பெருத்து 30 கிலோமீட்டர் வாக்கில் வெடித்துவிடும். அதுவரை பெட்டி வெப்பநிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கிலோமீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி என்று இறங்கிக்கொண்டே வரும் கோடு, 16, 17 கிலோமீட்டரில் மைனஸ் 80 வரை போய், அப்புறம் நின்று, திரும்பி ஏற ஆரம்பிக்கும். எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்தத் திருப்பம் வரும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

காற்றை நேரடியாகச் சூடாக்குவது பெரும்பாலும் வெயில் இல்லை, தரைதான். வெயில் தரையைச் சுட வைக்கும், தரை காற்றைச் சுட வைக்கும், சூடான காற்று மேலே போய் விரிந்து ஆறும். அதனால்தான் மேலே போகப் போகக் குளிர். ஆனால் அதற்கும் மேலே இன்னொரு அடுப்பு இருக்கிறது: ஓசோன். அத்தனையையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் சராசரியாகச் சுமார் மூன்று மில்லிமீட்டர் கனமே வரும் அந்தக் கொஞ்சம், புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. கீழ் அடுப்பின் சூடு தீர்ந்து, மேல் அடுப்பின் சூடு தொடங்கும் இடம்தான் அந்தத் திருப்பம், இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில் இருக்கும் எல்லை. நம் பக்கம் தரைச் சூடு அதிகம், காற்று வெகு தூரம் ஏறுகிறது, ஏறிய அளவுக்குக் குளிர்கிறது. பின்லாந்தில் குளிர்காலத்தில் ஒன்பது கிலோமீட்டரிலேயே எல்லை வந்துவிடும். அதனால்தான் அதே 11 கிலோமீட்டரில் இங்கே நீ பாதி மாடி ஏறியிருந்தாய், அங்கே மொட்டை மாடியையும் தாண்டிவிட்டாய். உலகத்திலேயே குளிர்ந்த காற்று வருஷம் முழுக்க இருக்கும் இடங்களில் ஒன்று, சித்திரை வெயிலில் வேகிற நம் மெட்ராஸின் தலைக்கு மேலே இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஐப்பசி சாயங்காலங்களில் மொட்டை மாடியில் நின்று இடிமேகம் காட்டுவேனே, உச்சி மட்டும் யாரோ பலகை வைத்து அழுத்தியது போலத் தட்டையாகப் பரவி நிற்கும். அந்தப் பலகைதான் இது. மேலே இருப்பது கனம் குறைந்த, சூடான காற்று, மேகத்தால் அதற்குமேல் ஏற முடிவதில்லை.

இந்தத் திருப்பத்தை முதலில் கண்டவர்களில் ஒருவர் தெய்ஸரான் தெ போர் என்ற பிரெஞ்சுக்காரர். பாரிஸ் பக்கத்தில் இருந்து 200-க்கும் மேற்பட்ட பலூன்களை விட்டவர். கோடு 11 கிலோமீட்டரில் நின்றதும், வெயில்தான் கருவியை ஏமாற்றுகிறதோ என்று சந்தேகப்பட்டு ராத்திரியிலும் விட்டுப் பார்த்தார். அப்போதும் அப்படியே நின்றது. 1902-இல்தான் உலகத்துக்குச் சொன்னார். தன் அளவையே நம்பாமல் அத்தனை முறை பார்த்த அந்த மனுஷன்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

காது அடைத்தது என்றாயே, அதுவும் இதில் சேர்ந்ததுதான். உள்ளே அழுத்தத்தைக் கிட்டத்தட்ட ஊட்டி உயரத்துக் காற்று அளவில் வைத்திருப்பார்கள். வெளியே இருப்பதோ தரையில் உள்ளதில் கால் பங்கு.

என் பலூன் 30 கிலோமீட்டரோடு சரி. 50-க்கு மேலே மீண்டும் குளிர ஆரம்பிக்கும் மீசோஸ்பியர், 85 வாக்கில் முடியும். அதற்கு மேலே தெர்மோஸ்பியர், நீ அங்கே பார்க்கப்போகும் பச்சை அரோரா, அந்த வானத்து ஒளித்திரை, பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் ஒளிர்வது. அது ஊரே படம் எடுக்கும், எனக்கு வேண்டியது வேறு. ஜூலை கடைசியில், நள்ளிரவு தாண்டி, வடக்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே பார். வெள்ளியும் நீலமுமாக மெல்லிய அலை அலையாக ஒரு மேகம் தெரியலாம். 83 கிலோமீட்டரில் உறைந்த பனித்துகள், கீழே இருட்டிய பிறகும் அதன்மேல் வெயில் படுகிறது. நம் ஊரில் இருந்து அது தெரியாது, நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

தெரிந்தால் படம் எடுத்து, எடுத்த நேரத்தையும் திசையையும் மறக்காமல் எழுதி அனுப்பு. குல்லா போட்டுக்கொண்டு வெளியே போ, அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா